மதுரைக்கு ஹார்மோன் வந்த இரண்டு வழிகள்

1311-ஆம் ஆண்டு டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காஃபூர் மதுரைக்குள் நுழைந்தபோது பாண்டியன் ஊரைவிட்டுப் போயிருந்தான். அந்தப் படையெடுப்பைப் பற்றி எழுதியவர்கள் யானைகளையும் பொன்னையும்தான் கணக்கெடுத்தார்கள். தளபதியின் உடம்பைப் பற்றி யாரும் நின்று யோசிக்கவில்லை. காஃபூர் 1299-இல் குஜராத்தின் காம்பே துறைமுகத்தில் பிடிபட்ட அடிமை. விதை நீக்கப்பட்டவர். பாலின ஹார்மோன் சுரப்பு அறுக்கப்பட்ட உடலோடு மதுரை வரலாற்றில் பெயர் பதிந்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட உடலுக்கு வயதானால் என்ன ஆகும்? காஃபூர் 1316-இல் டெல்லி அரண்மனையிலேயே கொல்லப்பட்டதால் அவரை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒட்டோமான் அரண்மனையின் அலிகளையும், மத நம்பிக்கையால் தங்களையே விதை நீக்கிக்கொண்ட ரஷ்யாவின் ஸ்கோப்ட்ஸி பிரிவினரையும் மருத்துவர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கூன் விழுந்த முதுகு, சல்லடையான எலும்பு. இதற்கு மறுபக்கமும் உண்டு. கொரியாவின் ஜோசன் அரசவையில் இருந்த 81 அலிகளின் வம்சாவளி ஏட்டை ஆராய்ந்து 2012-இல் வெளிவந்த கட்டுரை, அவர்கள் சராசரியாக 70 வயது வரை இருந்தார்கள் என்கிறது. அதே காலத்து மற்ற பிரபுக்களைவிட இது பதினான்கு முதல் பத்தொன்பது ஆண்டு அதிகம். ஆயுள் கூடியிருக்கலாம். எலும்பு தாங்கியதா என்பதை அந்த ஏடு சொல்லவில்லை.

எலும்புக்கு ஆண் பெண் என்ற பேதம் அவ்வளவாகத் தெரியாது. ஆணின் உடலிலும் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் எலும்பைக் காக்கிறது. இரண்டும் இல்லாமல் போனால் யாருடைய எலும்பும் கரையும். மதுரையில் இப்படி இரண்டும் இல்லாமல் போனவர்கள் இரண்டு வகை. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத, ஒரே பேருந்தில் ஏறினாலும் தள்ளி உட்காரும் இரண்டு வகை. முதல் வகை, நாற்பது வயதுக்கு முன்பே கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துக்கொண்டுவிட்ட பெண்கள். இரண்டாவது வகை, நிர்வாணம், அதாவது ஆணுறுப்பையும் விதைகளையும் நீக்கும் சடங்கு, செய்துகொண்ட திருநங்கைகள். ஹார்மோன் இந்த ஊருக்கு வந்த கதையும் இந்த இரண்டு வகையாரின் கதைதான். ஒருவருக்கு அது ஆஸ்பத்திரி வாசல் வழியாக வந்திருக்க வேண்டும், பெரும்பாலும் வரவில்லை. மற்றவருக்கு மெடிக்கல் கடை வழியாக, சீட்டு இல்லாமல் வந்தது.

பெண்களில் தொடங்கலாம். மதுரையைச் சுற்றிய வீடுகளில் இடுப்பெலும்புக்கு உளுந்து என்பது பாட்டிமார் வாக்கு. உளுந்தங்களியைக் கருப்பட்டி போட்டுக் கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். பெண் பெரியவளானால் அது. பிள்ளை பெற்றால் அது. ‘நின்றுபோன’ பிறகு முழங்கால் வலிக்கிறது என்றாலும் அதேதான். உளுந்தில் புரதம் உண்டு, இரும்பு உண்டு. போன ஹார்மோனைத் திருப்பித் தரும் சக்தி அதற்குக் கிடையாது. ஆனால் ஒரு வயதுக்கு மேல் பெண்ணின் எலும்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்ற அறிவு அடுப்படியில் இருந்திருக்கிறது. அந்த அறிவு இருந்த அளவுக்கு, பின்னாளில் அறுவைக்கூடத்தில் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

ஊருக்குப் பெரிய மருத்துவமனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்க மிஷன் பெண் மருத்துவர்கள் இங்கே பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி நடத்தினார்கள். கீழவெளி வீதியில் இன்றும் நிற்கிற கிறிஸ்டியன் மிஷன் மருத்துவமனை அந்த வழியில் வந்தது. வைகைக்கு வடகரையில் இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனை, 1934 முதல் 1940 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த எர்ஸ்கின் பிரபுவின் பெயரில்தான் முதலில் அழைக்கப்பட்டது. 1954-இல் மதுரை மருத்துவக் கல்லூரி வந்தது. கிராமத்துக்காரர்களுக்கு எப்போதும் அது பெரியாஸ்பத்திரிதான்.

எர்ஸ்கின் ஆளுநராக இருந்த காலத்தை ஒட்டித்தான் உலகத்தில் ஹார்மோன் மருந்தானது. 1929-இல் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனாண்டும் தனித்தனியே ஈஸ்ட்ரோனைப் பிரித்தெடுத்தார்கள். 1938-இல் பெர்லினின் ஷெரிங் கம்பெனியில் எத்தினைல் எஸ்ட்ராடியோல் தயாரானது. ஈரலில் உடைந்து வீணாகாமல் வாய்வழியே வேலை செய்கிற ஈஸ்ட்ரோஜன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கதையின் பிற்பாதியில் வில்லனாக வரப்போகிறது. 1942-இல் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ப்ரெமரின் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது.

அதன்பின் வந்தது விற்பனைக் காலம். 1966-இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சன், மாதவிலக்கு நின்ற பெண் குறைபட்டவள், ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டால் என்றும் பெண்ணாக இருக்கலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். லட்சக்கணக்கில் விற்றது. மருந்துக் கம்பெனியின் பணம் அவருக்குப் போயிருந்தது என்பதை அவருடைய மகனே பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்னார். 1975-இல் முதல் அடி விழுந்தது: ஈஸ்ட்ரோஜனை மட்டும் சாப்பிட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டின. கூடவே ப்ரொஜெஸ்டின் சேர்த்தால் அந்த ஆபத்து அடங்கும் என்று கண்டுகொண்டு வியாபாரம் மறுபடி தழைத்தது.

பெரிய இடி 2002 ஜூலையில் இறங்கியது. அமெரிக்க அரசு நடத்திய மகளிர் நல ஆய்வில் கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் பாதிப்பேருக்கு இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரை, மீதிப்பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. எட்டரை ஆண்டு நடக்க வேண்டியதை ஐந்தாண்டு சொச்சத்தில் நிறுத்தினார்கள். ஓராண்டில் பத்தாயிரம் பெண்களைக் கணக்கெடுத்தால், மாத்திரை எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 8 அதிகம், பக்கவாதம் 8 அதிகம், நுரையீரலில் ரத்தக்கட்டி 8 அதிகம், மாரடைப்பு வகையில் 7 அதிகம். இடுப்பெலும்பு முறிவு 5 குறைவு, பெருங்குடல் புற்றுநோய் 6 குறைவு.

பத்தாயிரத்தில் எட்டு என்று பத்திரிகைகள் போடவில்லை. ‘26 சதவீதம் அதிகம்’ என்று போட்டன. இரண்டும் உண்மைதான். எதைத் தலைப்பாக்குவது என்பதில்தான் லட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும் அப்போது பெரிதாக அடிபடவில்லை. கர்ப்பப்பை எடுத்துவிட்ட 10,739 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்து நடத்திய இணை ஆய்வு 2004-இல் நின்றது. பக்கவாதம் கூடியது, இடுப்பு முறிவு குறைந்தது, மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை. பிந்தைய ஆண்டுகளின் தொடர் கண்காணிப்பில் அது குறைந்தே காணப்பட்டது. இன்று மருத்துவ சங்கங்கள் ஏறத்தாழ ஒரே குரலில் சொல்வது இது: அறுபது வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்குள், உடல் எரிச்சலும் தூக்கமின்மையும் வாட்டுகிற பெண்ணுக்கு நன்மை தூக்கலாக இருக்கும். எழுபதில் தொடங்கினால் தராசு மறுபக்கம் சாயும்.

இந்தத் தராசு மதுரைச் சமவெளிக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதுதான் விஷயம். இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது சராசரியாக 46 வயதையொட்டி. மேற்கத்தியப் பெண்களுக்கு 51. ஐந்தாண்டுக் கடன் தொடக்கத்திலேயே. அதற்கு மேல் அறுவை சிகிச்சை. 2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுவரையான இந்தியப் பெண்களில் 3.2 சதவீதம் பேர் கர்ப்பப்பை எடுத்தவர்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுத்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஏப்ரலில் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் ஹார்மோன் உடனே நிற்பதில்லை. சினைப்பைகள் தங்கினால் சில ஆண்டு ஓடும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் மறுநாள் காலையே ஐம்பது வயதுக்காரியின் உடம்பு முப்பத்தெட்டில் வந்துவிடுகிறது. இயல்பாக நிற்கும் வயது வரையிலாவது அவளுக்கு ஈஸ்ட்ரோஜன் தர வேண்டும் என்பதில் மருத்துவ உலகில் பெரிய சண்டையே இல்லை. 2002-இன் பயம் மாத்திரை உண்மையில் தேவைப்பட்ட இவளையும் சேர்த்து அடித்துப்போட்டது. ‘பெரிய ஆபரேஷன்’ முடிந்து வீடு திரும்புகிற பெண்ணுக்கு இரும்பு மாத்திரை கிடைக்கும், கால்சியம் கிடைக்கும், கனம் தூக்காதே என்ற அறிவுரை கிடைக்கும். உடம்பு திகுதிகுவென்று எரிவது ஏன் என்று சொல்லத்தான் ஆள் இருக்காது.

இனி இரண்டாவது வழி.

திருநங்கைகளின் சமூக அமைப்பான ஜமாத்தில் நிர்வாணம் என்பது நெடுநாள் வழக்கம். தாயம்மா என்று அழைக்கப்படும் மூத்த திருநங்கை, அவர்கள் வணங்கும் மாதா தெய்வத்தின் படத்துக்கு முன்னால், மயக்க மருந்து இல்லாமல் ஆணுறுப்பையும் விதைகளையும் ஒரே வீச்சில் நீக்குவார். பிழைத்தவருக்கு நாற்பது நாள் அறைவாசம், பத்தியம், மஞ்சள் பூசல், முடிவில் சடங்கு. ரத்தப்போக்கில் இறந்தவர்களின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. பின்னாளில் தாயம்மாவின் இடத்தை ஆந்திரத்துச் சிறு மருத்துவமனைகள் பிடித்துக்கொண்டன. லிவிங் ஸ்மைல் வித்யா ‘நான், சரவணன் வித்யா’ என்ற தன்வரலாற்றில் அப்படி ஒரு பயணத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் வேலைக்குச் சேர்ந்தது மதுரையில், சிறுகடன் வழங்கும் ஒரு நிறுவனத்தில். திருநங்கை ஒருவர் மாதச் சம்பள அலுவலக வேலைக்குப் போவது அன்றைக்குச் செய்தி.

நிர்வாணத்துக்கு முன்னும் பின்னும் உடம்பைப் பெண்ணாக்க அவர்களுக்குக் கிடைத்த பொருள், அரசாங்கமே குடும்பக் கட்டுப்பாட்டுக்காக மலிவு விலையில் விற்ற மாலா-டி. அட்டையில் 28 மாத்திரை. 21 வெள்ளை, 7 பழுப்பு. ஒரு அட்டை சில ரூபாய்தான். மூத்த திருநங்கை சொல்வார், இளையவர் சாப்பிடுவார். நாளுக்கு ஒன்று என்பது குடும்பப் பெண்ணுக்கு. சீக்கிரம் மார்பு வளர வேண்டும் என்கிறவருக்கு மூன்றோ நான்கோ. அவசரம் தாங்காமல் கடையிலேயே ஊசி போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

அந்த அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். பழுப்பு மாத்திரை ஏழிலும் இருப்பது வெறும் இரும்புச் சத்து. அதை எத்தனை விழுங்கினாலும் உடம்பு பெண்ணாகாது, வயிறுதான் கட்டும். வெள்ளை மாத்திரையில் இரண்டு சரக்கு. ஒன்று லெவோநார்ஜெஸ்ட்ரல். கருத்தரிப்பைத் தடுக்கக் கெட்டிக்காரச் சரக்கு, ஆனால் ஓரளவு ஆண் ஹார்மோனின் குணமும் அதற்கு உண்டு. மீசையை விரட்ட மாத்திரை போட்டவர், மீசைக்கு வேண்டியதையும் கூடவே விழுங்கிக்கொண்டிருந்தார். இன்னொன்று முன்பு சொன்ன எத்தினைல் எஸ்ட்ராடியோல். ஈரல் இதைச் சுலபமாக உடைக்க முடியாது. உடைபடாமல் சுற்றிச்சுற்றி வந்து, ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை ஈரல் கூடுதலாகச் சுரக்கும்படி செய்துவிடும். கருத்தடைக்கான சிறு அளவில், புகை பிடிக்காத இளம்பெண்ணுக்கு இந்த ஆபத்து சிறிது. நான்கு மடங்கு விழுங்கி, பீடியும் பிடித்து, நாளெல்லாம் கடை கடையாகக் காசு கேட்டு நடந்து, ராத்திரி கால் வீங்கிப் படுப்பவருக்குச் சிறிதல்ல.

ஆம்ஸ்டர்டாமில் இதே சரக்கை மருத்துவர்களே எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே 816 திருநங்கைகளின் பதிவேடுகளைப் பார்த்து 1997-இல் வெளியான ஆய்வில், சிரை ரத்தக்குழாயில் ரத்தம் கட்டும் நோய் சாதாரண மக்களைவிட 20 மடங்கு அதிகமாக இருந்தது. பெரும்பாலும் வாய்வழி எத்தினைல் எஸ்ட்ராடியோல் எடுத்தவர்களிடம். தோலில் ஒட்டும் பட்டை வைத்தவர்களிடம் மிகக் குறைவு. அதன்பின் ஐரோப்பா அந்த மாத்திரையைத் திருநங்கைகளுக்குக் கொடுப்பதை விட்டது. உடலில் இயல்பாகச் சுரக்கும் எஸ்ட்ராடியோலுக்கு, அதுவும் வயது கூடினால் பட்டைக்கும் ஜெல்லுக்கும் மாறியது. அந்தச் செய்தி மதுரை மெடிக்கல் கடைக்கு வந்து சேர ஆளில்லை. சீட்டு எழுத மருத்துவர் இல்லாதபோது சீட்டை மாற்றி எழுதுவது யார்?

மார்பகப் புற்றுநோய் பயமும் உண்டு. நெதர்லாந்தில் ஹார்மோன் எடுத்த 2,260 திருநங்கைகளில் 15 பேருக்கு அது வந்ததாக 2019-இல் கட்டுரை வந்தது. ஆண்களோடு ஒப்பிட்டால் மிக அதிகம், பெண்களோடு ஒப்பிட்டால் குறைவு. ஆபத்தை யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் தலைப்பை நம்பக்கூடாது.

தமிழ்நாட்டில் காற்று திசை மாறியது 2008-இல். அந்த ஏப்ரலில் அரசு திருநங்கைகள் நல வாரியத்தை அமைத்தது. மறு ஆண்டே அரசு மருத்துவமனைகளில் இலவச பாலின மாற்று அறுவை சிகிச்சைக்கு வழி பிறந்தது. நாட்டில் வேறு எந்த மாநிலமும் அன்று யோசிக்காத காரியம். ஆனால் அறுவை சிகிச்சை ஒருநாள் வேலை, ஹார்மோன் ஆயுள் முழுக்க. விதை நீக்கியபின் மாத்திரையையும் நிறுத்திவிட்டால் ஸ்கோப்ட்ஸிகளின் எலும்புதான் மிஞ்சும். ‘ஆபரேஷன் ஆயிடுச்சு, இனி மாத்திரை எதுக்கு?’ என்று நிறுத்துகிறவர்களும், நிறுத்தப் பயந்து பழைய மாலா-டியையே தொடர்கிறவர்களும் இன்றும் இருக்கிறார்கள்.

சம்மதமில்லாத அறுவை சிகிச்சை பற்றி மருத்துவமனைக்கு வெளியே தெளிவாகப் பேசிய இடம், வியப்பாக இருந்தாலும், மதுரை ஒத்தக்கடைப் பக்கம் உள்ள நீதிமன்றம். 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னார். திருமணம் செல்லும் என்றதோடு நிற்காமல், இடைப்பால் உடலோடு பிறக்கும் குழந்தைகளுக்கு ஆண், பெண் என்று ‘சரிசெய்யும்’ அறுவை சிகிச்சையையும் தடுக்கச் சொன்னார். அந்தத் தடைக்காகப் பேசிவந்தவர்களில் முன்னணியில் இருந்தவர் மதுரைக்காரரான கோபி ஷங்கர். அதே ஆகஸ்டில் மாநில அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றவற்றுக்குத் தடை விதித்து ஆணை போட்டது. பச்சைக் குழந்தையின் விதையையோ சினைப்பையையோ எடுத்துவிட்டால், பன்னிரண்டு வயதிலிருந்து சாகும்வரை அந்தப் பிள்ளை வெளியிலிருந்து வரும் ஹார்மோனை நம்பித்தான் வாழ வேண்டும். சம்மதம் கேட்காமல் ஒருவரை ஆயுள் நோயாளியாக்குகிற வேலை அது.

எழுத்தாளர் ப்ரியா பாபு மதுரையில் நடத்தும் திருநங்கையர் ஆவண மையம் இந்தக் கதைகளைச் சேகரித்து வைக்கிறது. சென்னைக்கு அடுத்து, 2020-களின் தொடக்கத்தில், பனகல் சாலை ராஜாஜி மருத்துவமனையிலும் மாற்றுப்பாலினத்தவருக்கான தனிச் சிகிச்சைப் பிரிவு வந்தது. மனநல மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜன் என்று பல துறையினர் சேர்ந்து பார்க்க வேண்டிய வேலை இது. முறையாகச் செய்தால், மாத்திரை எழுதும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈரல், கொழுப்பு பார்க்கப்படும். ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தால் பொட்டாசியம் பார்க்க வேண்டும். திருநம்பிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி என்றால் ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். கடைக்காரரிடம் வாங்கும்போது இதில் எதுவும் நடக்காது. மாத்திரை செய்கிற கெடுதலில் பாதி, யாரும் பார்க்காமல் அதைச் சாப்பிடுவதால் வருவது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர், பக்கவாதமோ ரத்தக்கட்டியோ கண்டவர், ஈரல் கெட்டவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர் மாதவிலக்கு நின்றதற்கான ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தொடக்கூடாது என்பது பொதுவிதி. கர்ப்பப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாகச் சாப்பிடக்கூடாது. திருநங்கையாக இருந்து கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்க் காட்டட்டும். தானாக எந்த முடிவும் எடுக்க வேண்டாம், முதலில் காட்டட்டும். கர்ப்பப்பை எடுத்த அம்மாவோ அக்காவோ வீட்டில் இருந்தால், பீரோவில் மடித்து வைத்திருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து, சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று பாருங்கள். எடுத்திருந்து, வயது ஐம்பதுக்குள் என்றால், ஹார்மோன் வேண்டுமா என்ற கேள்வியை அடுத்த தடவை மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.